காக்கை வராத திதி

எங்கள் வீட்டில் தாத்தாவின் திதிக்கு ஒரு வருஷம் காக்கை வரவில்லை. அதைப் பற்றி இன்றைக்கும் குடும்பத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. கல்யாணம், காதுகுத்து என்று எல்லோரும் கூடும்போது எத்தனையோ பழைய கதைகள் கிளம்பும். சித்தப்பா ஸ்கூட்டரோடு மழைநீர்ப் பள்ளத்தில் இறங்கியது, அப்பா தப்பான மண்டபத்துக்குப் போய்ப் பந்தியில் சாப்பிட்டு மொய்யும் எழுதிவிட்டு வந்தது எல்லாம் ஒவ்வொரு முறையும் புதுசாகச் சொல்லப்படும். இது மட்டும் வராது. எனக்கு அப்போது பதினோரு வயது. வெட்கப்பட நன்றாகத் தெரிந்திருந்தது. எதற்கு வெட்கப்படுவது என்பதில்தான் குழப்பம்.

நாங்கள் மந்தைவெளியில் ஒரு ஃபிளாட்டின் இரண்டாவது மாடியில் இருந்தோம். அதற்கு முந்தைய வருஷம் எங்கள் வீட்டுக்கு ஒரு தம்பி வருவதாக இருந்தது. தொட்டில் கட்டுவதற்குச் சீலிங்கில் கொக்கிகூட மாட்டியாகிவிட்டது. அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனாள். வெறும் கையோடு திரும்பி வந்தாள். தம்பி சாமிகிட்ட போய்விட்டான் என்று அப்பா சொன்னார். அதோடு சரி. பேசினால் அம்மா அழுவாள் என்று அவனைப் பற்றி யாரும் பேசவில்லை. அம்மா அழவும் இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். குக்கர் விசில் மேல் விசிலாக அடிக்கும், எழுந்து அணைக்க மாட்டாள். தலை பின்னிவிடச் சொல்லி நான் சீப்போடு போய் நின்றால், சீப்பைக் கையில் வாங்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பாள். ஸ்கூல் வேன் ஹாரன் அடிக்கும். நான் கீழ் வீட்டு மாமியிடம் ஓடிப்போய்ப் பின்னிக்கொள்ளப் பழகிவிட்டேன்.

அப்பா அவளை அடையாறில் ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். எனக்கும் அக்கம்பக்கத்துக்கும் அது தலைவலி டாக்டர். அந்த டாக்டரம்மா மாத்திரையோடு ஒரு வேலையும் கொடுத்து அனுப்பினாராம். அடுத்த முறை வரும்போது, வீட்டுக்கு வெளியே பார்த்த ஏதாவது ஒன்றைப் பற்றி வந்து சொல்ல வேண்டும். அம்மா முதலில் சில தடவை ஒன்றும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். ஒரு நாள் திரும்பி வரும் வழியில் பஸ் அடையாறு பாலத்து மேல் நெரிசலில் மாட்டிக்கொண்டது. ஜன்னல் வழியே பார்த்தால், ஆற்றுக்கு மேலே கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பறவை ஒரே இடத்தில் சிறகடித்துக்கொண்டு அந்தரத்தில் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. திடீரென்று தலைகீழாகத் தண்ணீரில் விழுந்தது. அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. அது மீனைப் பிடித்ததா, தவற விட்டதா என்று அம்மாவுக்கு அன்று முழுக்க மனசு அடித்துக்கொண்டதாம். பல மாதங்களில் அவள் ஒன்றைத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டது அதுதான் முதல் தடவை. மறுநாள் விடிந்ததும், அப்பா எழுந்திருப்பதற்கு முன்னால், அதைப் பார்க்க அவளே கிளம்பிப் போய்விட்டாள்.

அப்புறம் தினமும் போனாள். பட்டினப்பாக்கம் முகத்துவாரம் வரை நடை. வலை காயப்போடுகிறவர்களுக்கெல்லாம் அவளைத் தெரிந்துவிட்டது. விஷயம் தெரிந்த சித்தப்பா, சேப்பாக்கத்தில் கிரிக்கெட் பார்ப்பதற்காகப் பர்மா பஜாரில் வாங்கி வைத்திருந்த பைனாகுலரை எடுத்துவந்து கொடுத்தார். அதன் ஒரு பக்கம் கழன்று கழன்று விழும். அம்மா அதை ரப்பர் பேண்டு போட்டு இறுக்கிக்கொண்டாள். லைப்ரரியிலிருந்து பறவைப் புத்தகம் வந்தது. மடையான், வக்கா, நெடுங்கால் உள்ளான், கறுப்பு வெள்ளை மீன்கொத்தி என்று இட்லித் தட்டோடு பெயர்களும் மேஜைக்கு வந்தன. ஒரு தடவை அப்பா மெதுவாகக் கேட்டார், அப்படி என்னதான் இருக்கிறது அதில் என்று. அம்மா யோசித்துவிட்டுச் சொன்னாள்: “அது அடுத்தது எங்க போய் உக்காரும்னு மட்டும்தாங்க தோணுது. அந்த நேரத்துல வேற எதுவும் வர்றதில்ல.”

குக்கர் சரியான விசிலில் அணைந்தது. என் தலை மறுபடியும் அம்மா கைக்கு வந்தது. மாத்திரையின் அளவைக் குறைத்துவிட்டார்கள் என்று அப்பா போனில் சித்தப்பாவிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டார். இவ்வளவும் என் கண்ணெதிரேதான் நடந்தது. நான் பார்த்ததோ பைனாகுலரை மட்டும்.

ஏனென்றால் அம்மா அதை முகத்துவாரத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. காய்கறி வாங்கப் போனாலும் பைக்குள் அது இருந்தது. ஒருநாள் சாயங்காலம் மயிலாப்பூர் குளக்கரையில், வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு நடுவில், மரத்தில் வக்கா அடைந்திருக்கிறது என்று அண்ணாந்து நின்றுவிட்டாள். ஆட்டோக்காரர்கள் வளைத்து வளைத்துப் போனார்கள். பூக்கட்டிக்கொண்டிருந்த பூக்காரம்மா என்னைப் பார்த்து, “இன்னா பாப்பா, உங்கம்மா மேல பாத்துக்கினே நிக்குது? காத்தாடி எதுனா மாட்டிக்கினு கீதா?” என்று கேட்டார். அவர் உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். எனக்குத்தான் உள்ளங்கால் வரைக்கும் கூசியது. இன்னொரு நாள் ஸ்கூல் வாசலில் என்னை அழைத்துப் போக வந்தவள், எதிர்ப்புறம் பில்டிங்கில் இருந்த பஞ்சவர்ணக்கிளிக் கூண்டைப் பார்க்கிறேன் என்று பைனாகுலரைத் தூக்கிவிட்டாள். உங்கம்மா என்ன சி.ஐ.டி.யா என்று கிளாஸில் ஒரு வாரம் ஓடியது. அதிலிருந்து நான் தெருவில் நாலடி முன்னால் நடக்க ஆரம்பித்தேன். அம்மா நான் வளர்ந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டாள்.

எங்கள் அத்தைக்கு இந்தச் சேதியெல்லாம் வடபழனி வரைக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. அத்தை அப்பாவுக்கு மூத்தவள். குடும்பத்தில் அவள் சொல்லைக் கேட்காமல் ஒரு பாத்திரம்கூட வாங்கியதில்லை. அம்மாவின் மனசு சரியாக வடபழனி முருகனை ஒரு மண்டலம் சுற்றச் சொல்லியிருந்தாள். அம்மா நாலைந்து நாள் போய்விட்டு நிறுத்திவிட்டாள். “கோயிலச் சுத்துன்னா கொக்கச் சுத்துறா” என்று அத்தை சொன்னது, சொன்ன மாதிரியே எங்கள் காதுக்கும் வந்தது. அப்பா சிரிக்கப் பார்த்தார். அம்மா சிரிக்கவில்லை.

தாத்தாவின் திதி ஆனி மாதத்தில் வரும். அதற்கு அத்தை முந்தின நாளே பெட்டியோடு வந்துவிடுவாள், சமையலை மேற்பார்வை பார்க்க. அந்த வருஷமும் வந்தாள். காலையில் அப்பாவும் சித்தப்பாவும் குளக்கரையில் திதி கொடுத்துவிட்டு வந்தார்கள். வாழைக்காய், அவரைக்காய், பருப்பு, வடை, பாயசம் எல்லாம் தாத்தா படத்துக்குப் படைத்தாயிற்று. இனி காக்கை ஒரு வாய் எடுத்தால் நாங்கள் இலையில் உட்காரலாம். அதுவரை பச்சைத் தண்ணீர்தான். அப்பா ஒரு துண்டு இலையில் எல்லாவற்றிலும் கொஞ்சம் வைத்து மொட்டைமாடிக்கு எடுத்துப் போனார். நாங்கள் பின்னாலேயே போனோம். சாதாரண நாளில் எங்கள் மாடிக் காக்கைகள் இலை கைப்பிடிச் சுவரைத் தொடுவதற்குள் வந்துவிடும். வடாம் காயவைக்க ஆள் காவல் வேண்டும்.

அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. அப்பா தண்ணீர் தெளித்துவிட்டு “கா, கா” என்றார். சித்தப்பா கையைக் குவித்துக்கொண்டு இன்னும் பலமாகக் கூப்பிட்டார். வெயில் ஏறியது. தளம் காலைச் சுட்டது. சாதம் ஓரமாகக் காய ஆரம்பித்தது. மாடியின் மறுகோடியில் துணி உலர்த்த வந்த கீழ் வீட்டு மாமி, துணியெல்லாம் உலர்த்திவிட்டும் போகாமல் நின்றார். எனக்குப் பசி ஒரு பக்கம், மாமி பார்ப்பது ஒரு பக்கம்.

காக்கை வராவிட்டால் போனவருக்கு ஏதோ மனக்குறை என்று அர்த்தம். அது என்னவென்று கண்டுபிடித்து, தீர்க்கிறோம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால் வந்து எடுக்கும். அப்பாதான் ஆரம்பித்தார். டி.வி. மாட்டுவதற்காக ஹாலிலிருந்து கழற்றிப் பெட்ரூமுக்குக் கொண்டுபோன படத்தைத் திரும்ப ஹாலிலேயே மாட்டிவிடுவதாகத் தாத்தாவுக்கு வாக்குக் கொடுத்தார். காக்கை இல்லை. சித்தப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, சிகரெட்டை விட்டுவிடுகிறேன் என்றார். அவர் குடித்ததே அப்போதுதான் அத்தைக்குத் தெரிந்தது. அதற்கும் காக்கை இல்லை. தூரத்தில் எங்கேயோ காக்கைகள் கத்திக்கொண்டுதான் இருந்தன. எங்கள் வீட்டுக்கு மட்டும் வரவில்லை.

அத்தை அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

“எனக்கு அப்பவே தெரியும்டா. வீட்டுப் பொம்பள விடிஞ்சும் விடியாம வெளக்கேத்தாம கொக்கு பாக்கப் போனா, எந்தப் பெரியவங்க வந்து வாய் வெப்பாங்க? இந்தாம்மா, நீ சொல்லு. இனிமே அந்தக் கண்ணாடியத் தொட மாட்டேன், காலைல எங்கயும் போக மாட்டேன்னு உன் மாமனார்கிட்ட உன் வாயால சொல்லு. வர்றாரா இல்லையா பாரு.”

அப்பா, “அக்கா, அது டாக்டர் வந்து...” என்று இழுத்தார். டாக்டர் என்ற வார்த்தை மாமிக்குக் கேட்டிருக்குமோ என்று அவரே நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தார். சித்தப்பா ஆகாயத்தைப் பார்த்தார். எல்லோரும் அம்மாவுக்காகக் காத்திருந்தோம். சொல்லிவிடு அம்மா என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். சொன்னால் காக்கை வரும், சாப்பிடலாம், பைனாகுலரும் ஒழியும், ஸ்கூலில் நிம்மதியாக இருக்கலாம். எனக்கு இதைவிட நல்ல ஏற்பாடு தெரியவில்லை. அம்மாவின் முகம் பழையபடி ஆகிக்கொண்டு வந்தது. குக்கர் சத்தம் கேட்காத அந்த முகம். அதையும் பார்த்தேன். பார்த்தும் கெஞ்சினேன்.

“மாமா...” என்று அம்மா கைகூப்பினாள். அதற்கு மேல் சொல்லவில்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு எதையோ கேட்டாள். பிறகு கூப்பிய கையை இறக்கிவிட்டு விறுவிறுவென்று கீழே போனாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். திரும்பி வந்தபோது கழுத்தில் பைனாகுலர் தொங்கியது. யாரையும் பார்க்காமல், புடவைக் கொசுவத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஏணியில் ஏறினாள்.

அந்த நிமிஷத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சூடாகிறது. திதி நாள். மாமனாருக்கு வைத்த இலை எதிரே காய்கிறது. நாத்தனார் நிற்கிறாள். சுற்றிலும் நாலு மாடிகளில் ஆட்கள் வந்துவிட்டார்கள். எங்கள் அம்மா கணுக்கால் தெரியத் தொட்டி மேல் நின்றுகொண்டு, கிரிக்கெட் பைனாகுலரில் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் பார்க்கிறாள். நான் ஏணிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். அங்கேயும் வெயில். அத்தை நெற்றியில் அடித்துக்கொண்டாள். அம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இறங்கி வந்ததும் மெதுவாகச் சொன்னாள்: “மாமாவுக்குக் கோவம் ஒண்ணும் இல்ல அண்ணி. பின்தெரு ஷெட்டு மேல காக்காக் குஞ்சு விழுந்து செத்துக் கிடக்கு. அம்மா காக்கா பக்கத்துலயே நிக்குது. மத்ததெல்லாம் சுத்தி உக்காந்து கத்துதுங்க. அதான் இங்க ஒண்ணும் வரல.”

அத்தை சட்டென்று விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. “அதுக்கு? ஒரு வாய் வந்து எடுத்துட்டுப் போகக் கூடாதா? போனது போயிடுச்சு. அங்கயே நின்னா ஆச்சா? எவ்வளவு நேரந்தான் அப்படியே நிக்கும்?”

அம்மா பைனாகுலரின் வாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“தெரியல அண்ணி” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “எனக்கும் தெரியல” என்றாள்.

அப்பா கைப்பிடிச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சித்தப்பா மூக்கை உறிஞ்சினார். ஒரு காக்கைக் குஞ்சு செத்ததற்கு இவ்வளவு பெரியவர்கள் இப்படி நிற்பானேன் என்று எனக்குப் புரியவில்லை. திதி நாளில் சாவைப் பற்றிப் பேசி அம்மா எல்லாவற்றையும் கெடுத்துவிட்டாள் என்று நினைத்தேன். இனி அத்தை கத்தப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

அத்தை கத்தவில்லை. கையை நீட்டினாள். அம்மா பைனாகுலரைக் கழற்றிக் கொடுத்தாள். அத்தை அதைத் தலைகீழாகப் பிடித்தாள். அம்மா திருப்பிக் கொடுத்து, தோளைப் பிடித்துச் சுவரோரமாக நிறுத்தி, பின்தெருவைக் காட்டி, நடுவில் இருக்கிற திருகை அவளுக்காகத் திருப்பிவிட்டாள். “தெரியுதா அண்ணி?” என்று கேட்டாள். அத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். கண்ணிலிருந்து எடுத்தபோது கண்ணாடி இரண்டும் ஈரமாக இருந்தன. முந்தானையால் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டாள். குடும்பத்தில் யாரும் அத்தை தலை குனிந்து பார்த்ததில்லை. எங்களை நினைத்து அவளுக்கு அவமானமாக இருக்கிறது என்று நான் முடிவு செய்தேன். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதனால் அவளோடு சேர்ந்து நானும் தலையைக் குனிந்துகொண்டேன்.

“இலை அங்கயே இருக்கட்டும்டா. அதுங்களுக்கு எப்ப தோணுதோ அப்ப வரட்டும். நாம கீழ போய்ச் சாப்பிடலாம்” என்றாள் அத்தை. காக்கை எடுக்காமல் எங்கள் வீட்டில் யாரும் இலையில் உட்கார்ந்ததில்லை. அன்றைக்கு உட்கார்ந்தோம். அதுவும் ஆண்களுக்கு முன்னால் அம்மாவை உட்காரவைத்து, அவள் இலையில்தான் அத்தை முதல் வடையை வைத்தாள். அம்மா போதும் என்று கையை மறித்தபோது அந்தக் கையை மெதுவாக விலக்கிவிட்டு இன்னொன்றும் வைத்தாள். சீக்கிரம் சாப்பிட வைத்து இவளை உள்ளே படுக்க அனுப்பிவிடப் பார்க்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. காக்கைதான் வரவில்லையே, வாக்கும் செல்லாது என்று சித்தப்பா கை கழுவியதும் தெருமுனைக்குப் போய்விட்டார். அப்பா மட்டும் யாரும் சொல்லாமலே படத்தை ஹாலுக்குக் கொண்டுவந்து மாட்டினார்.

சாயங்காலம் கீழ் வீட்டு மாமி மாடிப்படியில் அப்பாவை நிறுத்தி, “என்ன சார், அப்புறம் காக்கா வந்துச்சா?” என்று கேட்டார். வந்தது, வந்து வடையைத்தான் முதலில் எடுத்தது என்று அப்பா சொன்னார். அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவரே பொய் சொல்கிறார் என்றால் விஷயம் நான் நினைத்ததைவிட மோசம் என்று புரிந்துகொண்டேன். திங்கட்கிழமை ஸ்கூலுக்கு எப்படிப் போவது, வேனில் யார் பக்கத்தில் உட்காருவது என்று யோசித்தபடியே தூங்கிப்போனேன்.

மறுநாள் விடியற்காலையில் வாசல் கதவு சத்தம் கேட்டு விழித்தேன். பக்கத்தில் அத்தையின் பாய் சுருட்டியிருந்தது. கோபித்துக்கொண்டு விடிவதற்குள் வடபழனிக்குப் போகிறாளோ என்று பயந்து பால்கனிக்கு ஓடினேன். அத்தையின் பெட்டி ஹாலில் வைத்தது வைத்தபடி இருந்தது. கீழே தெருவில் அம்மாவும் அத்தையும் போய்க்கொண்டிருந்தார்கள். அத்தை அப்பாவின் கேன்வாஸ் ஷூவைப் போட்டுக்கொண்டு, தண்ணீர் பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அம்மாவின் வேகத்துக்கு நடக்கப் பார்த்தாள். தூங்குமூஞ்சி மரத்தடிக்கு வந்ததும் அம்மா நின்று மேலே எதையோ காட்டினாள். அத்தையும் நடுத்தெருவில் நின்று, கையை நெற்றியில் வைத்து, வாயைத் திறந்துகொண்டு அண்ணாந்து பார்த்தாள். பால் வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். இரண்டு பேரும் நகரவில்லை. அத்தையின் இன்னொரு கை அம்மாவின் முதுகில் இருந்தது.

இதுவரைக்கும் ஒருத்திதான், இனிமேல் தெருவே பார்த்துச் சிரிக்க எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பேர் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. யார் கண்ணிலும் படுவதற்குள் பால்கனிக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.